மெஃபிஸ்டோவுக்கு 7, தொலைபேசிக்கு 28: தேடல் ஆழத்தை ஒரே வரிசையில் எழுதலாமா?

தண்டையார்பேட்டை செல்வம்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்தில் பழைய மெஃபிஸ்டோ எம்எம் 5 சதுரங்கக் கணினி ஒன்று இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஓய்வுபெற்றபோது கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே இருப்பது 6502 வகைச் சில்லு, வேகம் ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ். நிரலை எழுதியவர் நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர். கேரம் பலகைக்கு இடம் வேண்டும் என்று பீரோவுக்கு மேலே ஏற்றிவைத்திருந்ததை இப்போது மேசைக்கு இறக்கியிருக்கிறோம். டியூஷன் முடித்து வரும் பிள்ளைகள் அதை விட்டு நகர்வதில்லை.

போன வாரம் ஒரு பையன் தன் அப்பாவின் தொலைபேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலை ஓடவிட்டு இதனோடு மோதவைத்தான். ஒரு நகர்வுக்கு மூன்று நிமிடம். நடு ஆட்டத்தில் மெஃபிஸ்டோவின் திரை ஆழம் (எத்தனை அரைநகர்வு முன்னே தேடுகிறது என்ற எண்; ஒரு பக்கம் ஒரு முறை ஆடுவது ஓர் அரைநகர்வு) 7 என்றது, தொலைபேசி 28 என்றது. தொலைபேசி வென்றதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால், நான்கு மடங்கு ஆழம் என்பதால் நான்கு மடங்கு பலம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள்.

1977இல் வந்த ஃபிடெலிட்டி செஸ் சேலஞ்சரில் தொடங்கி இன்றுவரை ஆண்டு, கணினி, ஆழம், ரேட்டிங் என்று பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். ஆழத்தை இப்படி ஒரே வரிசையில் எழுதுவது சரியா? பிள்ளைகள் தினமும் பார்க்கப்போகும் அட்டை. பொய்யான எண் ஏறிவிடக் கூடாது.

காசிமேடு குதிரை

செல்வம் அண்ணா, தாராளமாக எழுதுங்கள். ஆழம்தான் பலம் என்பதைப் பரிசோதித்தே காட்டியிருக்கிறார்கள். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் கட்டிய பெல் என்ற இயந்திரம் 1980இல் லின்ஸ் நகரில் கணினிகளுக்கான உலகப் பட்டம் வென்றது. அதன் பிறகு தாம்சன் அந்த இயந்திரத்தை அதனோடேயே ஆடவைத்தார். நிரல் ஒன்றுதான். ஒரு பக்கத்துக்கு நான்கு அரைநகர்வு ஆழம், எதிர்ப்பக்கத்துக்கு ஐந்து என்று அடுக்கடுக்காகக் கூட்டிக்கொண்டே போனார். ஓர் அரைநகர்வு கூடினால் எலோ என்ற ரேட்டிங் முறையில் ஏறத்தாழ 200 புள்ளி கூடியது. 200 புள்ளி வித்தியாசம் என்றால் நான்கு ஆட்டத்தில் மூன்று புள்ளி. சின்ன விஷயமில்லை.

மெஃபிஸ்டோவுக்கும் தொலைபேசிக்கும் 21 அரைநகர்வு வித்தியாசம். பிள்ளைகள் சொன்ன நான்கு மடங்கு குறைவான கணக்குதான்.

வியாசை நிரலர்

தம்பி, தாம்சன் பரிசோதனை உண்மை. அதில் நிரல் ஒன்றே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் 200 என்ற எண் நிற்காது. மேல் அடுக்குகளுக்குப் போகப் போக ஓர் அரைநகர்வு தரும் லாபம் குறைகிறது என்பதும் அந்தப் பரிசோதனையிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. 21ஐ 200ஆல் பெருக்கினால் 4,200 வரும். அப்படி ஒரு இடைவெளி எந்த ரேட்டிங் பட்டியலிலும் கிடையாது.

நான் பொழுதுபோக்காகச் சொந்தமாக ஓர் எஞ்சின், அதாவது சதுரங்கம் ஆடும் நிரல், எழுதி வருகிறவன். இதைப் பென்சிலும் தாளும் வைத்தே பார்த்துவிடலாம். செல்வம் அண்ணா, பிள்ளைகளையும் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள்.

நடு ஆட்டத்தில் ஒரு நிலையில், அதாவது பலகையில் காய்கள் நிற்கும் ஓர் அமைப்பில், சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம். ஏழு அரைநகர்வு முழுவதையும் பார்ப்பதென்றால் 35ஐ ஏழு முறை பெருக்க வேண்டும். ஏறத்தாழ 6,433 கோடி. ஆனால் ஆல்ஃபா-பீட்டா என்ற வெட்டுமுறை இருக்கிறது. ஒரு நகர்வுக்கு எதிராளி ஒரே ஒரு நல்ல பதிலை வைத்திருக்கிறார் என்று தெரிந்த கணத்திலேயே மற்ற பதில்களைப் பார்க்காமல் விட்டுவிடலாம். விடை மாறாது. நகர்வுகளை நல்ல வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அந்த 6,433 கோடி வெறும் 15 லட்சமாகச் சுருங்கும். எட்டு அரைநகர்வுக்கு 30 லட்சம். ஒன்பதுக்கு 5.4 கோடி. பன்னிரண்டுக்கு 368 கோடி. பதின்மூன்றுக்கு 6,600 கோடி.

இப்போது இயந்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெல் நொடிக்கு ஏறத்தாழ 1,60,000 நிலைகளைப் பார்த்தது. மூன்று நிமிடத்தில் 2.88 கோடி. கணக்குப்படி எட்டு அரைநகர்வு முடியும், ஒன்பது முடியாது. பெல் எட்டையொட்டித்தான் தேடியது. 1997இல் உலக சாம்பியன் கஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கணினி நொடிக்கு 20 கோடி. மூன்று நிமிடத்தில் 3,600 கோடி. கணக்குப்படி பன்னிரண்டு முடியும், பதின்மூன்று முடியாது. டீப் ப்ளூவின் அடிப்படை ஆழமும் ஏறத்தாழ 12தான். முக்கியமான வரிகளை மட்டும் அதற்கு மேல் வெகுதூரம் நீட்டிப் பார்த்தது.

பதினேழு ஆண்டில் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூடியும் கிடைத்தது நான்கு அரைநகர்வு. அந்தத் தலைமுறைகளில் ஓர் அடுக்கு ஏறுவது அவ்வளவு செலவு பிடிக்கும் காரியம்.

இனி அந்தப் பையனுடைய தொலைபேசிக்கு வருவோம். நொடிக்குப் பத்து லட்சம் நிலைகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிமிடத்தில் 18 கோடி. டீப் ப்ளூவோடு ஒப்பிட்டால் இருநூறில் ஒரு பங்கு. மேலே போட்ட கணக்கில் 18 கோடிக்குப் பத்து அரைநகர்வுதான் கிடைக்கும். திரையில் நிற்பதோ 28. மீதிப் பதினெட்டு எங்கிருந்து வந்தது?

பெரம்பூர் ரயிலடி

நிரலர் கேட்ட கேள்வியில்தான் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன். மூர் மார்க்கெட்டில் பழைய அயல்நாட்டுச் சதுரங்க இதழ்களைத் தேடித் தேடி வாங்கிப் படித்தே இந்தக் கணினிக் கதைகளை எல்லாம் தெரிந்துகொண்டேன்.

கிளாட் ஷானன் 1950இல் வெளியான கட்டுரையிலேயே இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பது. மற்றொன்று, தேவை என்று தோன்றுவதை மட்டும் தேர்ந்து ஆழமாகப் போவது. தொடக்க கால நிரலாளர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியை நம்பினார்கள். 1967இல் மாசாசூசெட்ஸில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மேக் ஹேக் அந்த வகை. தேர்ந்தெடுக்கும் அறிவு போதாததால் நல்ல நகர்வே கைவிட்டுப் போகும் ஆபத்து அதில் இருந்தது. 1970களில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்லேட்டும் அட்கினும் தங்கள் நிரலை முழுத்தேடலுக்கு மாற்றினார்கள். அது வென்றது. பெல், ஹைடெக், டீப் தாட், டீப் ப்ளூ எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை.

1990களில் பாதை மறுபடி திரும்பியது. ஃபிரிட்ஸ் நிரலை எழுதிய ஃபிரான்ஸ் மோர்ஷ் வெற்று நகர்வு உத்தியைப் பயன்படுத்தினார். 1993இல் கிறிஸ்டியன் டோனிங்கர் அதைக் கட்டுரையாக எழுதியதும் எல்லா நிரல்களுக்கும் பரவிவிட்டது. எதிராளிக்கு ஒரு நகர்வை இலவசமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் நம் நிலை மிக நன்றாக இருந்தால், அந்தக் கிளையை முழு ஆழத்துக்குத் தோண்ட வேண்டியதில்லை. பின்னால் வந்த உத்தி இன்னும் துணிச்சலானது: வரிசையில் பின்னால் நிற்கும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்துக்கே பார்ப்பது. காசிமேட்டு ஏலத்தில் பழகிய கண் கூடை கூடையாகக் கிளறுவதில்லை. செவுளைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடும். இன்றைய எஞ்சின் அந்தக் கண்ணைப் பெற்றுவிட்டது.

ஆகவே தொலைபேசியின் 28 என்பது 28 வரை எல்லாம் பார்த்த 28 அல்ல. பல கிளைகள் பதினைந்தைக்கூடத் தொடாமலே விடப்பட்டிருக்கும்.

வியாசை நிரலர்

ஐயா சொன்னதற்கு மேல் ஓர் எண் மட்டும் சேர்க்கிறேன். ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் வேலை எத்தனை மடங்காகிறது என்று பார்க்கலாம். பார்த்த மொத்த நிலைகளுக்கு ஆழத்தின் மூலம் எடுத்தால் அது கிடைக்கும். பெல்லுக்கு எட்டரை. டீப் ப்ளூவுக்கு ஏழரை. நாம் வைத்துக்கொண்ட கணக்கில் தொலைபேசிக்கு இரண்டுகூட இல்லை.

தலைமுறைகளுக்கு இடையே உண்மையில் மாறியது இதுதான். செல்வம் அண்ணா, ஒரே ஓர் எண்ணைத்தான் அட்டையில் எழுத இடம் இருக்கிறது என்றால், ஆழத்தை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்.

காசிமேடு குதிரை

அப்படியானால் அந்த 28க்கு மதிப்பே இல்லை என்கிறீர்களா? பாதியைப் பார்க்காமல் விட்டுவிட்டு 28 என்று போட்டுக்கொள்வது என்ன நியாயம்? மெஃபிஸ்டோவாவது தான் சொன்ன 7ஐ நேர்மையாகப் பார்க்கிறது.

பெரம்பூர் ரயிலடி

மதிப்பு நிறையவே இருக்கிறது தம்பி. விடுவதைச் சரியாக விட்டால் பலம் எப்படி ஏறும் என்பதற்கு 2009ஐப் பாருங்கள். புவனோஸ் ஐரிஸில் நடந்த மெர்கோசூர் கோப்பையில் பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 கலந்துகொண்டது. ஓடியது ஒரு எச்டிசி கைத்தொலைபேசியில். உள்ளே இருந்தது ஹையார்க்ஸ் எஞ்சின். பத்து ஆட்டத்தில் ஒன்பதரை எடுத்தது. ஆட்டத்திறன் ரேட்டிங் 2898. அது நொடிக்குப் பார்த்த நிலைகள் 20,000க்கும் குறைவு. டீப் ப்ளூவின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! டீப் ப்ளூ 480 சதுரங்கச் சில்லுகளோடு நின்ற பெரிய இயந்திரம். பன்னிரண்டே ஆண்டில் சட்டைப்பையில் இருந்த கருவி கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய களத்தில் அந்த அளவு ஆடியது. வேகம் மட்டுமே பலம் என்றால் இது நடந்திருக்கவே முடியாது.

மெஃபிஸ்டோவின் 7ஐயும் முழுத்தேடல் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலப் பெட்டிகள் பலவும் அடிப்படை ஆழத்தோடு சில வரிகளை நீட்டிப் பார்த்தன. பெட்டிக்குப் பெட்டி கணக்கு வேறு.

ராயபுரம் பயிற்சியாளர்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஆழத்தையும் வேகத்தையும் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். ஒரு நிலையைப் பார்த்தவுடன் நல்லதா கெட்டதா என்று சொல்லும் மதிப்பீட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஒரு நிலையைத் தருகிறேன். பலகையில் அடுக்கிப் பாருங்கள்.

வெள்ளை: ராஜா ஜி5, மந்திரி (பிஷப்) டி3, சிப்பாய் எச்5.
கறுப்பு: ராஜா ஜி8. வேறு எதுவும் இல்லை.

வெள்ளையிடம் ஒரு மந்திரியும் ஒரு சிப்பாயும் அதிகம். ஆனால் ஆட்டம் டிரா. சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம், வெள்ளையின் மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது. கறுப்பு ராஜா ஜி8க்கும் எச்8க்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தால் போதும். அதை அங்கிருந்து விரட்ட வழியே இல்லை. இந்த அறிவு எழுதப்படாத நிரல் எத்தனை ஆழம் தேடினாலும் கடைசியில் காய்களை எண்ணிப் பார்த்துவிட்டு வெள்ளைக்கு நான்கு சிப்பாய் அளவு லாபம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஐம்பது நகர்வு விதிப்படி டிரா என்று தேடலிலேயே கண்டுபிடிக்க நூறு அரைநகர்வு போக வேண்டும். நடுவில் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இந்த விதி தெரிந்த எட்டு வயதுப் பெண்குழந்தை பார்த்த மாத்திரத்தில் டிரா என்கிறாள். அவளுடைய தேடல் ஆழம் எவ்வளவு என்று அட்டையில் எழுதுவீர்கள்?

2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12இல் நிகழ்ந்த மாற்றமும் இந்த இடத்தில்தான். ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு உருவாக்கிய நரம்பியல் வலை (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல்) மதிப்பீட்டைச் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நொடிக்குப் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை குறைந்தது. பலமோ சட்டென்று கூடியது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, தன்னோடு தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ, ஸ்டாக்ஃபிஷ் 8ஐ நூறு ஆட்டத்தில் சந்தித்து 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று முடித்தபோதும் இதே பாடம்தான். அது நொடிக்கு 80,000 நிலைகள் பார்த்தது, எதிரில் இருந்தது 7 கோடி.

தண்டையார்பேட்டை செல்வம்

மேடம், அந்த நிலையை நேற்று அடுக்கி வைத்தேன். பெரியவர்களே கொஞ்ச நேரம் சிப்பாயைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். தொலைபேசியில் வேறொரு நிலையையும் போட்டுப் பார்த்தோம். லாஸ்கர், ரைஹெல்ம் இருவர் பெயரால் வழங்கும் பழைய இறுதியாட்டம். வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ராஜா பி1க்குப் போனால்தான் வெற்றி. அந்த நிலையில் ஆழம் சரசரவென்று ஏறி நாற்பதைத் தாண்டிவிட்டது. அதே தொலைபேசி, அதே எஞ்சின். நடு ஆட்டத்தில் 28க்கே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டதே, ஏன்?

வியாசை நிரலர்

அருமையான நிலையை எடுத்திருக்கிறீர்கள். எஞ்சின் எழுதுகிற எல்லோரும் இதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

சிப்பாய்கள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நகரக்கூடியவை ராஜாக்கள் மட்டும். 35 கிளை இங்கே ஐந்தாறாகிவிட்டது. அதோடு, ராஜா எந்த வழியாகச் சுற்றி வந்தாலும் அதே நிலைகளில்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஒரு முறை பார்த்த நிலையை நினைவகத்தில் குறித்துவைத்துக்கொள்ளும் அட்டவணை இருந்தால் இரண்டாம் முறை தேட வேண்டியதே இல்லை. சிப்பாய் ஒன்று விழுவதைக் காண இருபதுக்கும் மேற்பட்ட அரைநகர்வு ஆழம் தேவைப்படும் நிலை இது. அட்டவணை உள்ள எஞ்சினுக்குச் சில நொடி வேலை.

1980களின் சிறு பெட்டிகளுக்கு அந்த வசதி எட்டாத ஒன்று. 1984இன் நோவாக் சூப்பர் கான்ஸ்டலேஷன் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற பெட்டி. அதன் தற்காலிக நினைவகம் வெறும் 4 கிலோபைட். அதில் எத்தனை நிலைகளைக் குறித்துவைக்க முடியும்? பின்னால் ரிச்சர்ட் லாங் 68000 குடும்பச் சில்லுகளுக்காக எழுதிய மெஃபிஸ்டோ வரிசை போன்ற பெரிய பெட்டிகளில் இதற்கெல்லாம் நினைவகம் கிடைத்தது.

ஒரே எஞ்சினுக்குள்ளேயே நிலைக்கு நிலை ஆழத்தின் பொருள் இப்படி மாறுகிறது. தலைமுறை விட்டுத் தலைமுறை ஒப்பிடும்போது எவ்வளவு மாறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நரம்பியல் வலையில் இயங்கும் லீலா போன்ற எஞ்சின்களில் அந்த எண் கணக்கிடப்படும் முறையே வேறு.

காசிமேடு குதிரை

ஆழத்தை விட்டுவிடுவோம். ரேட்டிங்கையாவது நேராக எழுதலாம் அல்லவா? சூப்பர் கான்ஸ்டலேஷனுக்கு அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 2018 என்று கொடுத்தது. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் கணினிப் பட்டியல்களில் 3500ஐத் தாண்டி நிற்கிறது. கழித்தால் வித்தியாசம் வந்துவிடுகிறது.

பெரம்பூர் ரயிலடி

கழிக்கக் கூடாது தம்பி. 2018 என்பது மனிதர்களோடு ஆடி வந்த எண். 3500 என்பது கணினிகள் தங்களுக்குள் ஆடி வந்த எண். எலோ என்பது ஒரு கூட்டத்துக்குள் யார் யாரை எவ்வளவு வெல்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்லும். இரண்டு கூட்டங்களும் அடிக்கடி கலந்து ஆடினால்தான் எண்களை ஒப்பிட முடியும். இப்போது முன்னணி வீரர்கள் எஞ்சினோடு சமமாக உட்கார்ந்து ஆடுவதே இல்லை. சுவீடன்காரர்கள் 1984இலிருந்து சதுரங்கக் கணினிகளுக்கான தங்கள் ரேட்டிங் பட்டியலை நடத்திவருகிறார்கள். பெட்டிகளும் கணினி நிரல்களும் ஒரே பட்டியலில் தொடர்ச்சியாக ஆடியிருப்பதால் தலைமுறை ஒப்பீட்டுக்கு அதுதான் எனக்கு நம்பிக்கையானது.

இரண்டு கூட்டங்களும் கலந்து ஆடிய காலத்தில் நம் ஊர்க்காரர் நடுநாயகமாக இருந்தார் என்பதையும் அட்டையில் எழுதுங்கள். 1994இல் லண்டனில் நடந்த விரைவு ஆட்டப் போட்டியில் ரிச்சர்ட் லாங்கின் செஸ் ஜீனியஸ் கஸ்பரோவை வெளியேற்றியது. அடுத்து நிகோலிச்சையும் வென்றது. அரையிறுதியில் அதை இரண்டு ஆட்டத்திலும் வென்று நிறுத்தியவர் விஸ்வநாதன் ஆனந்த். 1998இல் இத்தாலியின் இஸ்கியாவில் ரெபெல் 10 அவரை மொத்தத்தில் 5-3 என்று வென்றது. அந்த ரெபெலை எழுதியவர் உங்கள் மெஃபிஸ்டோவை எழுதிய அதே எட் ஷ்ரோடர்! அந்த மோதலைப் பிரித்துப் பாருங்கள்: மின்னல் ஆட்டத்திலும் விரைவு ஆட்டத்திலும்தான் கணினி முன்னே போனது. முழு நேர ஆட்டம் இரண்டில் ஆனந்த் ஒன்றரை, ரெபெல் அரை. நேரம் குறையக் குறைய மனிதனுக்குத்தான் இழப்பு அதிகம்.

ராயபுரம் பயிற்சியாளர்

ஐயா எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். இன்று நேரலையில் ஆட்டம் பார்க்கும் பிள்ளைகள் பலகையைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் ஏறி இறங்கும் மதிப்பீட்டுக் கோட்டையும் ஆழ எண்ணையும்தான் பார்க்கிறார்கள். ஆழம் 40 என்று வந்துவிட்டால் அது தீர்ப்பு என்று நம்பிவிடுகிறார்கள். குகேஷைத் தொடக்க ஆண்டுகளில் எஞ்சின் இல்லாமலே வளர்த்ததைப் பற்றி அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் அந்த வழி பொருந்துமா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்த பிள்ளை அதைப் பார்த்து யோசிப்பதை நிறுத்திவிடாது. அதனால் செல்வம் சார், அட்டை கட்டாயம் வேண்டும்.

தண்டையார்பேட்டை செல்வம்

அட்டையை மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். ஆண்டு, கணினி, நொடிக்கு எத்தனை நிலை, முழுத்தேடல் ஆழம், ஓர் அடுக்குக்கு எத்தனை மடங்கு வேலை. ரேட்டிங்குக்குப் பக்கத்தில் யாரோடு ஆடி வந்த எண் என்று ஒரு கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மோதவைக்கிறோம். இந்த முறை வேகத்தைச் சமமாக்கி வைத்துப் பார்க்க வழி இருக்கிறதா? தொலைபேசியை மெதுவாக்க முடியுமா?

வியாசை நிரலர்

முடியும். நேரத்தைக் குறைக்காதீர்கள், நிலைகளின் எண்ணிக்கையைக் கட்டுங்கள். எஞ்சினை ஓடவிடும் செயலிகள் சிலவற்றில் ஒரு நகர்வுக்கு இத்தனை நிலைகள் மட்டும் என்று வரம்பு வைக்கலாம். மெஃபிஸ்டோவுக்கு வழக்கம்போல மூன்று நிமிடம் கொடுங்கள். தொலைபேசிக்கு முதலில் ஒரு லட்சம் நிலைகள், பிறகு பத்தாயிரம், பிறகு ஆயிரம் என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் ஆட்டம் சமமாகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே தேடல் திறனும் மதிப்பீட்டு அறிவும் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்பதை அந்த எண் காட்டிவிடும். வேறு எந்த அட்டையிலும் இருக்காது. உங்கள் படிப்பகத்தின் சொந்த அளவு.

இரண்டில் எதுவும் தொடக்க நகர்வுகளைப் புத்தகத்திலிருந்து ஆடக் கூடாது. எட்டாவது நகர்வு வரை நீங்களே ஒரு சமமான நிலையை அடுக்கி, அங்கிருந்து விடுங்கள். அதே நிலையில் நிறம் மாற்றி இன்னொரு ஆட்டம்.

காசிமேடு குதிரை

அண்ணா, ஞாயிறு எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன். ஆயிரம் நிலைகள் கொடுத்தாலும் தொலைபேசிதான் வெல்லும் என்பது என் கணிப்பு.

தண்டையார்பேட்டை செல்வம்

காலை பத்து மணி. மூன்று நிமிடம் வீதம் ஓர் ஆட்டத்துக்கே மதியம் ஆகிவிடும், சாப்பாடு இங்கேயே. நேதாஜி நகர்ப் பக்கமாக வந்துவிட்டு அழையுங்கள், பையனை அனுப்பி வைக்கிறேன்.